கடலுக்கு மேல் மிதக்கும் கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஆறு மணிக்குப் பைனாகுலரோடு உட்கார்ந்திருக்கும் ஆள் நான்தான். நம்ம ஊரில் ஒருத்தன் பைனாகுலரை வைத்துக்கொண்டு கடலையே பார்த்தபடி இருந்தால் சும்மா விடமாட்டார்கள். "என்ன சார், திமிங்கிலமா?" என்று ஆரம்பிப்பார்கள், நான் "இல்லீங்க, கானல்" என்பேன், அன்றைக்கு அவர் வாக்கிங் போன மாதிரிதான். ஏழெட்டு வருஷமாக அதே கேள்விகள். மணலில் கோடு போட்டுக் காட்டிக் காட்டி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிப் போடுகிறேன்.

கடலில் எப்படிக் கானல் வரும்? அது தார் ரோடு, பாலைவனச் சமாசாரம் இல்லையா?

மணலும் வேண்டாம், தாரும் வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குக் காற்று, இரண்டுக்கும் வேறு வேறு சூடு, அவ்வளவு இருந்தால் போதும். ஈசிஆரில் மத்தியானம் வண்டி ஓட்டும்போது முன்னால் தண்ணீர் தேங்கியிருப்பது போலத் தெரிகிறதே, அங்கே தார் தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. கடலில் அந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. ரோட்டில் இல்லாத தண்ணீர் தெரிவதால் சட்டென்று கண்ணில் படுகிறது. கடலில் ஏற்கெனவே தண்ணீர்தான் இருக்கிறது, அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பழைய தமிழில் இதற்குப் பேய்த்தேர், வெண்தேர் என்று பெயர். இரண்டுமே பாலை நிலத்துச் சொற்கள், சூட்டில் நெளிந்து தெரிவதைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். ஆனால் கானல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அதே பழைய தமிழில் அதற்குக் கடற்கரைச் சோலை என்றும் பொருள். ஆகவே கடற்கரையில் உட்கார்ந்து கானல் பார்க்கிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

கண்ணோட பிரமைதானே இது?

இல்லை. கேமராவில் விழுகிறது. கேமராவுக்கு ஏது பிரமை? வெளிச்சம் நிஜமாகவே வளைந்துதான் வருகிறது, அது நேராக வந்ததாக நாம் எடுத்துக்கொள்கிறோம், அது மட்டும்தான் நம் பக்கத்துத் தப்பு.

வெளிச்சம் நேர்கோட்டில் போகும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

ஒரே மாதிரியான காற்றில் நேராகத்தான் போகும். காற்று மாறினால் வளையும்.

மெரினாவில் சுண்டல் தள்ளுவண்டியைக் கவனித்திருக்கிறீர்களா? சிமெண்ட் தளத்திலிருந்து சாய்வாக மணலில் இறக்கினால், ஒரு பக்கத்துச் சக்கரம் முதலில் மணலில் புதைந்து மெதுவாகும், மறுபக்கத்துச் சக்கரம் சிமெண்டில் பழைய வேகத்திலேயே உருளும், வண்டி யாரும் திருப்பாமலேயே மணல் பக்கம் திரும்பிக்கொள்ளும். வெளிச்சத்துக்கு மணல் மாதிரி இருப்பது குளிர்ந்த காற்று. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், அதில் வெளிச்சம் ஒரு துளி மெதுவாகப் போகும், அதனால் கதிர் எப்போதும் குளிர்ந்த பக்கமாகவே வளையும். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக வந்துவிடும்.

அந்த ஒரு துளி என்பது எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: காற்றின் ஒளிவிலகல் எண், அதாவது வெற்றிடத்தைவிடக் காற்றில் வெளிச்சம் எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்ற கணக்கு, 1.0003-க்குக் கொஞ்சம் கம்மி. வெப்பம் ஒரு டிகிரி மாறினால் அதில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கடலில் கதிர் தண்ணீரை உரசுகிற மாதிரி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வருகிறது, வழி முழுக்க அதே பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டே வந்தால் கடைசியில் கணக்கு பெரிதாகிவிடும்.

கடல் சூடா இருந்தா ஒரு மாதிரி, காற்று சூடா இருந்தா ஒரு மாதிரி என்கிறீர்களே, என்ன வித்தியாசம்?

இதுதான் முழு விஷயமும், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தண்ணீர் சூடு, காற்று குளிர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரை ஒட்டிய காற்று மட்டும் சூடாகி இளகியிருக்கும், அதற்கு மேலே குளிர்ந்த காற்று. தூரத்துக் கப்பலிலிருந்து கீழ்நோக்கி வரும் கதிர் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே குளிர்ந்த பக்கமாக, அதாவது மேல்நோக்கி, வளைந்து உங்கள் கண்ணுக்கு வந்துவிடும். கண்ணுக்கு வளைவு தெரியாது. கதிர் கீழேயிருந்து வந்ததால் கப்பலும் கீழே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். ஆக, நேராக வந்த கதிரால் ஒரு கப்பல், அதற்குக் கீழே தலைகீழாக இன்னொரு கப்பல். வானத்திலிருந்து வரும் கதிரும் இதே மாதிரி வளைவதால், கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டை வானம் தெரியும். இது கீழ்க்கானல்.

இப்போது திருப்பிப் போடுங்கள். தண்ணீர் குளிர்ச்சி, மேலே காற்று சூடு. கப்பலிலிருந்து மேல்நோக்கிப் போன கதிர், நியாயமாக உங்கள் தலைக்கு மேலே போயிருக்க வேண்டியது, குளிர்ந்த பக்கமாக, அதாவது கீழ்நோக்கி, வளைந்து உங்களிடம் வந்து சேரும். கப்பல் மேலே தூக்கி வைத்தது போலத் தெரியும். சூடு ஏறுவது ஒரே உயரத்தில் சட்டென்று நடந்தால் கப்பலுக்கு மேலே தலைகீழாக ஒன்று, சில சமயம் அதற்கும் மேலே நேராக மூன்றாவது ஒன்று. இது மேற்கானல்.

அதனால் கப்பலைப் பார்த்தே கடல் சூடா காற்று சூடா என்று சொல்லிவிடலாம். தலைகீழ்ப் படம் கீழே இருந்தால் கடல் சூடு. மேலே இருந்தால் காற்று சூடு. எத்தனை டிகிரி என்பதற்குத் தெர்மாமீட்டர்தான் வேண்டும், எது சூடு என்பதற்கு வேண்டாம்.

சென்னையில் எது எப்போது தெரியும்?

கடல் சோம்பேறி. ஒரு கன மீட்டர் கடல் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஆகும் வெப்பத்தைக் கொண்டு மூவாயிரம் கன மீட்டருக்கும் அதிகமான காற்றை அதே ஒரு டிகிரி சூடாக்கலாம். அதனால் காற்று காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று ஆடிக்கொண்டிருக்க, கடல் மாசக்கணக்கில் யோசித்து ஒன்றிரண்டு டிகிரி நகரும். நம் கரையோரத்தில் ஜனவரியில் கடல் 26, 27 டிகிரி, மே மாதம் 29, 30. அவ்வளவுதான் அதன் ஆட்டம்.

இதை வைத்துக்கொண்டு நம் வருஷத்தைப் பாருங்கள். மார்கழி, தை மாத விடியற்காலையில் காற்று 21, சில நாள் அதற்கும் கீழே. கரையில் இரவெல்லாம் ஆறிய காற்று மெதுவாகக் கடலுக்குள் நகரும். கடலோ 26-க்கு மேல். ஐந்து டிகிரி வித்தியாசம், கடல் சூடு. கீழ்க்கானல். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி பாதி வரை மழையில்லாத காலைகளில் பெரும்பாலும் ஏமாற்றாது. நாங்கள் குல்லாவும் மஃப்ளருமாக நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் கடல் வெந்நீர் போட்டு வைத்திருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, காலை நனைத்துப் பார்த்தால் தெரியும்.

மே, ஜூனில் கதை தலைகீழ். மேற்கிலிருந்து கச்சான் அனல் காற்று வீசும், பத்துப் பதினொரு மணிக்கே 38 டிகிரி. 2003 மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்ததே, அந்த மாதிரிக் காற்று. அது கரையைத் தாண்டிக் கடலுக்கு மேல் போனால் அடியில் 29 டிகிரித் தண்ணீர். மேலே சூடு, கீழே குளிர்ச்சி. மேற்கானலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவகாசம் கம்மி. மத்தியானம் கடற்காற்று உள்ளே வந்ததும் கடலுக்கு மேலிருந்த சூட்டுக் காற்றைத் துடைத்துவிடும். ஊரே "அப்பாடா" என்று மூச்சு விடும் அதே நேரத்தில் எனக்கு மட்டும் ஆட்டம் முடிந்துபோகும். கடற்காற்று வரத் தாமதமாகும் நாள்தான் எனக்கு நல்ல நாள், இதை வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது.

கோடையில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்ளும். தெற்கு, தென்மேற்குக் காற்று நம் கரையை ஒட்டி வீசும்போது, பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் வலப்பக்கமாக, நம் கரைக்கு அது கடலுக்குள், தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். வெயில் கொளுத்தும் நாளில் கடலில் காலை வைத்தால் சில்லென்று இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஒரு குறை. கோடையில் தூசியும் புழுக்க மூட்டமும் அதிகம், கானல் இருந்தாலும் கப்பலே சரியாகத் தெரியாது. ஐந்து நாள் போனால் ஒரு நாள் கிடைக்கும். புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு ஜனவரிதான் சரி.

ஜனவரிக் காலையில் போனால் சரியாக என்ன தெரியும்?

துறைமுகத்துக்கு வெளியே இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்கள் வடகிழக்கில் நங்கூரம் போட்டு நிற்கும். ஷ்மிட் நினைவிடத்துக்கு நேரே அலை வந்து நனைக்கும் இடம் வரைக்கும் இறங்கி நில்லுங்கள். முதலில் வெறும் கண்ணுக்கு ஒன்றும் விசேஷமாகத் தெரியாது. பைனாகுலரில் பார்த்தால் கப்பலின் அடிப்பாகம் கத்தியால் வெட்டினது போல ஒரு கோட்டில் முடிந்து, அதற்குக் கீழே அதே அடிப்பாகம் மடிந்து தொங்கும். முன்முனைக்கும் பின்முனைக்கும் அடியில் கடலுக்குப் பதில் வெளுத்த வானம். இன்னும் தூரத்தில் ஃபைபர் படகு ஏதாவது போனால் முழுசாகவே அந்தரத்தில் நெளிந்துகொண்டு போகும். படகில் நிற்கிறவர் இரண்டாகப் பிரிந்து இடுப்போடு இடுப்பு ஒட்டிய ரெட்டை ஆள் போல இருப்பார்.

இப்போது குத்துக்காலிட்டு உட்காருங்கள். கப்பலுக்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பட்டை தடிக்கும். எழுந்து நில்லுங்கள், ஒடுங்கும். பத்தடி பின்னால் வந்து மணல்மேட்டில் ஏறி நின்றால் கப்பல் சாதுவாகக் கடலில் உட்கார்ந்துவிடும். கண்ணின் உயரம் ஒரு மீட்டர் மாறினாலே படம் மாறுகிறது என்பதை நான் முதல்முறை கவனித்த அன்றைக்கு உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து இருபது தடவை தோப்புக்கரணம் போட்டேன். பக்கத்தில் நிஜமாகவே யோகா செய்துகொண்டிருந்த மாமி ஒருத்தர், "முதுகு நேரா இருக்கணும்" என்றார்.

வெறும் கண்ணால் தெரியாது என்றால் அது எவ்வளவு பெரிசு?

கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் ஒரு டிகிரி. கடலில் ஐந்து டிகிரி வெப்ப வித்தியாசத்துக்குக் கீழ்க்கானலின் உயரம் ரொம்பப் போனால் அதில் ஆறில் ஒரு பங்கு. அலை கலக்கிவிடுவதால் அதற்கும் கம்மியாகவே கிடைக்கும். படத்தில் பிரம்மாண்டமாகத் தெரிவதெல்லாம் பெரிய லென்ஸ் வைத்து எடுத்தது.

சூரியன் உதிக்கும்போது பானை மாதிரி தெரிந்தது. அதுவும் இதுதானா?

ஆமாம், எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான், நமக்குச் சூரியன் கடலிலேயே உதிப்பதால் கிடைக்கும் வரம். கடல் சூடாக இருக்கும் காலையில் சூரியனுக்கும் கீழே ஒரு தலைகீழ்ச் சூரியன் இருக்கும். முதலில் ஒரு சிவப்புக் கீற்று தோன்றும், அது இரண்டாகப் பிரிந்து ஒன்று மேலே ஏறும், இன்னொன்று கீழே இறங்கும். சூரியன் முக்கால்வாசி ஏறியதும் வட்டத்தின் அடியில் குட்டையாக ஒரு பீடம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிமணை மேல் வைத்த பானை அப்படியே. வெளிநாட்டுக்காரர்கள் கிரேக்க எழுத்தைச் சொல்லி ஓமேகா சூரியன் என்கிறார்கள், நாம் பொங்கல் பானை என்றே சொல்லலாம், தேதியும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கடைசியில் பானைக்கும் பிரிமணைக்கும் நடுவில் கழுத்து மெலிந்து, ஒட்டின வெல்லப்பாகு அறுகிற மாதிரி அறுந்து சூரியன் மேலே போய்விடும். மொத்தமே இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான்.

சில நாள் முதல் கீற்று பச்சையாக ஒரு கணம் தெரியும் என்பார்கள். உண்மைதான், காற்று நிறங்களைக் கொஞ்சம் கொஞ்சம் வேறு அளவில் வளைப்பதால் வருவது, கானல் அதைப் பெரிதாக்கிக் காட்டும். எந்த இடத்தில் கீற்று வரும் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் உதயத்தில் பிடிப்பது சிரமம்.

இன்னொன்று, கானலே இல்லாத நாளிலும் இது நடக்கிறது: அடிவானத்தில் காற்று சூரியனை சுமார் 34 கலை அளவுக்குத் தூக்கிக் காட்டுகிறது (60 கலை ஒரு டிகிரி). சூரியனின் அகலமே 32 கலைதான். அதாவது முழுச் சூரியனும் கடலைத் தொட்டுக்கொண்டு நிற்பது போலத் தெரியும் நேரத்தில் நிஜச் சூரியன் இன்னும் அடிவானத்துக்குக் கீழே. நாம் பார்க்கிற உதயம் எல்லாமே ஒரு வகையில் அட்வான்ஸ் புக்கிங்.

அடிவானத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது கானலில் தெரியுமா? இலங்கை தெரியுமா?

முதல் பாதிக்குத் தெரியும், இரண்டாவது பாதிக்கு சென்னையிலிருந்து வாய்ப்பில்லை.

கரையில் நிற்கும் ஆளின் கண் கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் என்றால் அடிவானம் ஐந்தரைக் கிலோமீட்டர் தூரத்தில். மெரினா கலங்கரை விளக்கத்தில் 45 மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 26 கிலோமீட்டர். சாதாரண நாளிலேயே காற்று கதிரைக் கொஞ்சம் கீழே வளைத்து உதவி செய்வதையும் சேர்த்த கணக்கு இது. கடல் குளிர்ந்து மேலே சூடு ஏறினால் அந்த உதவி அதிகமாகும். நம்மூர் வெப்பத்தில் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை டிகிரி வீதம் சூடு ஏறினால் போதும், கதிரின் வளைவு பூமியின் வளைவுக்குச் சமமாகிவிடும். அப்போது கதிர் பூமியை ஒட்டியே சுற்றிக்கொண்டு வரும், அடிவானம் என்ற ஒன்றே பேச்சுக்குத்தான். கடல் ஒரு கிண்ணம் போல ஓரத்தில் உயர்ந்து தெரியும்.

1790களின் கடைசியில் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் ஊர்க்காரர்கள் ஒரு ஜூலை நாளில் கடற்கரையில் கூடிவிட்டார்கள், ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரான்ஸ் கரை, வழக்கமாகக் கண்ணுக்கே எட்டாதது, பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்ததால். வில்லியம் லேதம் என்பவர் அதை எழுதிவைத்தார். அதற்கும் 200 வருஷம் முன்பு, 1597 ஜனவரியில், ஆர்க்டிக்கில் நோவாயா செம்லியா தீவில் பனிக்குள் மாட்டிக்கொண்டிருந்த வில்லெம் பேரன்ட்ஸின் ஆட்கள், துருவ இரவு முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே சூரியனைப் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்து சொன்னபோது தேதி எண்ணுவதில் தப்பு செய்திருப்பார்கள் என்று பலர் நம்பவில்லை. பாவம், எண்ணியது சரிதான்.

இலங்கைக்கு வருவோம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள். அங்கே நாற்பது மீட்டர் கோபுரத்தின் உச்சி சாதாரண நாளிலேயே கரையில் நிற்பவருக்கு எட்டும், கானல் வந்தால் இன்னும் எழும்பும். சென்னையிலிருந்து இலங்கையின் வடமுனையே 350 கிலோமீட்டருக்கு மேல். கதிர் வளைந்து வந்தாலும் அவ்வளவு காற்றைத் தாண்டுவதற்குள் மூட்டத்தில் கரைந்துவிடும்.

அப்புறம் எப்படி அந்தக் காலத்தில் மெட்ராஸில் ரூபவாஹினி தெரிந்தது?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்களின் வயதும் தெரிந்துவிடும்! 1982-இல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சி அது. மொட்டைமாடியில் இரும்புக் குழாயை நீட்டி, ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி, பூஸ்டர் போட்டு, மாடியில் ஒருத்தர் "தெரியுதா?" என்று கத்த, கீழே ஒருத்தர் "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல" என்று கத்த, சில நாள் பளிச்சென்று வரும், சில நாள் வெறும் புள்ளி. ஆன்டெனாவைத் திட்டுவார்கள், காரணம் கடலுக்கு மேலே இருந்த காற்று.

ரேடியோ அலையும் வெளிச்சத்தின் உறவுக்காரன்தான், அதே மாதிரிதான் வளையும். கூடுதலாக அதை ஈரப்பதமும் வளைக்கும், வெளிச்சத்தை ஈரப்பதம் பெரிதாக ஒன்றும் செய்யாது. கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்று, அதற்கு மேலே வறண்ட சூட்டுக் காற்று என்று அடுக்கு அமைந்தால் நடுவில் ஒரு குழாய் போட்ட மாதிரி ஆகி அலை அதற்குள்ளேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். மூட்டமும் தூசியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ரேடாரும் இதே குழாயில் மாட்டிக்கொள்ளும், மழையே இல்லாத இடத்தில் மழை போலப் புள்ளிகள் காட்டும். வானம் பளிச்சென்று இருக்க ரேடார் படத்தில் மட்டும் கடலில் ஏதோ அப்பியிருந்தால் உடனே புயல் என்று ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

ஃபாட்டா மோர்கனா என்கிறார்களே, அது வேறா?

மேற்கானலின் முற்றிய நிலை. நேர்ப்படம், தலைகீழ்ப் படம், மறுபடி நேர்ப்படம் என்று பல அடுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நீண்டு, தூரத்துக் கப்பலோ கரையோ கோட்டைச் சுவர் போல ஆகிவிடும், நிமிஷத்துக்கு நிமிஷம் உருவமும் மாறும். இத்தாலிக்கும் சிசிலிக்கும் நடுவில் உள்ள மெசினா நீரிணையில் இது பிரபலம், கடலில் கோட்டை கட்டும் சூனியக்காரி மோர்கனாவின் வேலை என்று நினைத்து வைத்த பெயர்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பெரிய பெரிய ஆட்களையே இது கவிழ்த்திருக்கிறது. 1818-இல் ஜான் ராஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவர் கனடாவுக்கு வடக்கே லங்காஸ்டர் நீரிணைக்குள் போனார், எதிரே மலைத்தொடர் வழியை அடைத்து நிற்பதைப் பார்த்து அதற்குக் குரோக்கர் மலை என்று பெயரும் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த வருஷமே வில்லியம் பேரி அந்த மலை வழியாகக் கப்பலை ஓட்டிக்கொண்டு போனார். ராஸின் பெயர் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ராபர்ட் பியரி 1906-இல் பார்த்ததாகச் சொன்ன குரோக்கர் லேண்டைத் தேடி 1913-இல் ஒரு குழுவே கிளம்பியது. அவர்களுக்கும் பனிமலைகள் தெரிந்தன, உடன் வந்த இன்யூட் வழிகாட்டி "அது வெறும் மூட்டம்" என்றார், கேட்காமல் நடந்து நடந்து பார்த்தார்கள், நிலமே இல்லை. பியரி உண்மையிலேயே கானலைப் பார்த்தாரா, கதை விட்டாரா என்ற சந்தேகமும் இருக்கிறது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

2021-இல் இங்கிலாந்தில் கப்பல் வானத்தில் பறந்ததே, அந்தப் படம்?

கார்ன்வால் கரையிலிருந்து எடுத்த படம், எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றியது. மேற்கானல் என்று பிபிசியில் விளக்கம் சொன்னார்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அந்தக் கப்பல் நீளவில்லை, குறுகவில்லை, தலைகீழ்ப் படமும் கிடையாது, அச்சடித்த மாதிரி ஒழுங்காக இருக்கிறது. கடலின் தூரத்துப் பகுதி அமைதியாகி வானத்தின் நிறத்தையே காட்டினால், நிறம் மாறும் இடத்தை அடிவானம் என்று எடுத்துக்கொள்வோம், கப்பல் அதற்கு மேலே நிற்பதாகத் தோன்றும். இந்தப் பொய் அடிவானம்தான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு, நான் அவர்கள் கட்சி. நீலாங்கரைப் பக்கம் காற்றில்லாத காலையில் இதே மாதிரி நிறைய தடவை பார்த்திருக்கிறேன். உருவம் சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள், சிதையாமல் இருந்தால் கானலா என்று யோசிக்க வேண்டியதுதான்.

தூரத்துக் கப்பல் முழுசாகத் தெரிகிறது, அப்ப பூமி தட்டைதானே?

இல்லை. அடுத்த கேள்வி.

கடலோடிகள் இதில் ஏமாறுவார்களா?

வெறும் கண்ணால் தூரம் கணிப்பவர் ஏமாறலாம், இரவில் ஒரு படகு விளக்கு இரண்டாகத் தெரிவதும் உண்டு. நிஜச் சிக்கல் இருந்தது செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்து நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணித்த காலத்தில். அடிவானத்திலிருந்துதான் அளக்க வேண்டும், அடிவானமே ஏறி இறங்கினால்? ஒரு கலை தப்பானால் வரைபடத்தில் ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர், தள்ளிப்போகும். கானல் நாளில் சில கலைகள் தப்புவது சர்வசாதாரணம். இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது.

காற்று பலமாக அடித்தால் தெரியுமா?

மேற்கானல் கலைந்துவிடும், அடுக்குகள் கலங்கிவிடுமே. கீழ்க்கானல் இளங்காற்றைத் தாங்கும். அலை தூக்கினால் இரண்டும் போச்சு.

பார்ப்பதற்கு என்ன வேண்டும்?

7x50 அல்லது 10x50 பைனாகுலர் போதும். படம் எடுக்க 300 எம்எம் லென்ஸாவது வேண்டும், மொபைல் ஜூமில் களிம்பு பூசின மாதிரிதான் வரும். சூரியனைப் பைனாகுலரிலோ கேமராவின் கண்ணாடித் துளை வழியாகவோ பார்க்கவே பார்க்காதீர்கள், சிவப்பாக மங்கி இருக்கும்போதும் கூட, கண் போய்விடும். பானைச் சூரியனைக் கேமராவின் திரையில் மட்டும் பாருங்கள். குழந்தைகள் கையில் பைனாகுலரைக் கொடுத்திருந்தால் உதயத்துக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

கடலுக்குப் போகாமல் வீட்டில் காட்ட முடியுமா?

கீழ்க்கானலுக்கு வெயில் காய்ந்த நீளமான காம்பவுண்டுச் சுவர் போதும், பத்து மீட்டராவது இருக்கட்டும். மேற்குப் பார்த்த சுவர் என்றால் மூன்று, நாலு மணிக்குச் சரியாக இருக்கும். சுவரின் ஒரு முனையில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், மறுமுனையில் ஒருவர் பளபளப்பான சாவியைச் சுவருக்கு அருகில் கொண்டு வரட்டும். சுவருக்குள்ளிருந்து இன்னொரு சாவி வந்து அதைத் தொடும். கன்னம் சுடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

வளைவதைக் கண்ணால் பார்க்க, சின்ன மீன் தொட்டியின் அடியில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்காமல் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். அடியில் அடர்த்தி அதிகமாகிவிடும். பக்கவாட்டில் லேசர் பாயிண்டரை அடித்தால் கோடு வில்லாகக் கீழே வளையும். என் அக்கா மகன் இதைப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைத்தான், கூட்டம் எல்லாம் பக்கத்து மேசை எரிமலைக்குத்தான் போனது.

தினமும் கடற்கரைக்கு வருகிறேன், எனக்கு ஏன் ஒரு நாளும் தெரியவில்லை?

இதைக் கேட்டது சுக்கு காபி விற்கும் அண்ணன். "இருவது வருஷமா இங்கயேதான் சார் நிக்கிறேன், நீங்க சொல்ற மாதிரி ஒண்ணும் பாத்ததில்லையே."

"நிக்கிறீங்கல்ல அண்ணே, அதான்" என்றேன்.

கேனை மணலில் இறக்கி வைத்துவிட்டு ஈர மணல் வரைக்கும் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பைனாகுலரைக் கொடுத்தேன். திருகிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. "கப்பலுக்கு அடியில வெளுப்பா ஓடுதே, அதுவா?" அதுதான் என்றேன். எழுந்தார், பார்த்தார். உட்கார்ந்தார், பார்த்தார். மறுபடி எழுந்தார். பின்னால் யாரோ "அண்ணே, ரெண்டு காபி" என்று குரல் கொடுக்க, "இருப்பா, கப்பல் இன்னும் எறங்கல" என்றார்.